காருக்கு எதற்கு கரண்ட்?

எங்கள் கோட்டைப் பூங்கா நடைக் கோஷ்டியில் ஒரு நண்பர் இருக்கிறார். கனடாவில் வின்னிபெக் நகரத்தில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்துவிட்டுப் போன மாதம் திரும்பி வந்தார். வந்த அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை தினம் ராத்திரி காரின் முன்பக்கம் தொங்குகிற ஒரு ஒயரை எடுத்துச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகுகிறார். எலக்ட்ரிக் காரா என்று கேட்டால், இல்லை மாமா, பெட்ரோல் கார்தான் என்கிறார். பெட்ரோல் காருக்கு எதற்கய்யா கரண்ட்? நீதான் மிலிட்டரியில் வண்டி ரிப்பேர் பார்த்தவன், சொல்லு."

இரண்டு சுற்று நடந்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அந்த ஒயருக்குப் பின்னால் நூறு வருடத்துக் கதை இருக்கிறது. அதில் ஒரு சின்ன மூலையில் நானும் நின்று நடுங்கியிருக்கிறேன்.

பணக்காரர் வீட்டுக் கார் ஓட்டுநரை 'ஷோஃபர்' என்பார்கள். பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் அதற்குச் 'சூடேற்றுகிறவர்' என்று பொருள். நீராவி எஞ்சினுக்குத் தீ மூட்டிக் கொதிக்க வைத்தவர்களின் பெயர் அப்படியே மோட்டார் ஓட்டுகிறவருக்கும் வந்துவிட்டது. பெட்ரோல் எஞ்சின் வந்தபிறகு அந்த வேலை ஒழிந்தது என்று நாம் நினைக்கலாம். குளிர் தேசங்களில் ஒழியவே இல்லை.

வேலூர் வெயிலில் வாழ்கிற நமக்குக் குளிர் ஒரு எஞ்சினை என்ன செய்யும் என்பது சட்டென்று புரியாது. மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், சொட்டுக்கூட விழாது. எஞ்சின் ஆயிலுக்கும் கடுங்குளிரில் அந்தக் கதிதான். மைனஸ் 30 டிகிரியில் பழைய காலத்து ஆயில் தார் மாதிரி இறுகிவிடும். அதற்குள் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது களிமண்ணில் உரல் இழுப்பது போல. எப்படியோ சுழன்றுவிட்டாலும், பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரும்வரை இரும்பும் இரும்பும் உரசித் தேயும். பேட்டரியைக் கேட்டால் அதற்குள் நடப்பது ரசாயன மாற்றம். குளிரக் குளிர அது மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரியில் வழக்கமான பலத்தில் பாதிகூட வராது. அதே குளிரில் எஞ்சினைச் சுழற்ற இரண்டு மடங்கு பலம் வேண்டும். அதாவது வேலை அதிகமாகும்போது ஆள் இளைத்துப் போகிறான். பெட்ரோல் உறையாது, ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் பற்றாது. டீசலோ இன்னும் மோசம். அதிலுள்ள மெழுகு பிரிந்து, வெண்பனி போலத் திரண்டு, ஃபில்டரை அடைத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் எஞ்சினைக் கிளம்பவிடாமல் செய்கிறவை, அவ்வளவுதான். கொல்வது தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கும். எஞ்சின் பிளாக்கின் சுவர்களுக்கு நடுவில் அது உறைந்தால், வார்ப்பிரும்பு வெடித்து விரிந்துவிடும். ராத்திரி சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். காலையில் பனி உருகி விரிசல் வழியாகக் கசியும்போதுதான் தெரியும்.

ஃபோர்டு மாடல் டி கார் 1908ல் வந்தது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பண்ணை விவசாயிகள் அதைத்தான் வாங்கினார்கள். குளிர்காலத்தில் அதை வைத்துக் குடித்தனம் நடத்துவது கறவை மாடு வளர்ப்பது போலத்தான். ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். சிலர் ஆயிலையும் வடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் வைப்பார்கள். காலையில் ஆயிலைச் சூடாக்கி ஊற்றி, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, பிறகு ஹேண்டில் அடிக்க வேண்டும்.

அதில் இன்னொரு கூத்து. மாடல் டியின் கியர்ப் பெட்டியும் எஞ்சினும் ஒரே ஆயிலில்தான் குளித்தன. ஆயில் இறுகியிருந்தால் கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ஹேண்டில் அடித்து எஞ்சின் பற்றிய கணத்தில் கார் தானாக முன்னால் நகர்ந்து, எதிரில் நிற்கிறவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கும். அதனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொடுவார்கள். தூக்கிய சக்கரம் காற்றில் சுழல்வதால் எஞ்சினும் கொஞ்சம் லேசாகும்.

ஹேண்டில் எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு போய்விடும். நம் ஊர் பழைய லாரி, பஸ் டிரைவர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே "கட்டைவிரலை மடக்காதே, நாலு விரலோடு சேர்த்து வை" என்பதுதானே? மணிக்கட்டுக்கு மேலே ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவுக்கு இன்றைக்கும் எலும்பு மருத்துவப் புத்தகங்களில் 'ஷோஃபர் முறிவு' என்றுதான் பெயர். கார் ஹேண்டில் மறைந்து அரை நூற்றாண்டு ஆகியும் பெயர் போகவில்லை.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் இருந்த சார்லஸ் கெட்டரிங். முன்பு கடைகளில் இருக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கார் எஞ்சினைச் சுழற்ற வேண்டுமானால் கார் அளவுக்கே ஒரு மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கல்லாப்பெட்டி அவருக்கு வேறொன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தது. வேலை சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்கு ஒரு சிறிய மோட்டாரை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். 1912ஆம் வருட காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அதை நம்பியிருப்பது பேட்டரியை, பேட்டரியோ குளிருக்குப் பயந்தது. அதனால்தான் செல்ஃப் வந்தும் பல வருடங்களுக்கு முன்பக்கத்தில் ஹேண்டில் போடும் துளையை விட்டுவைத்தார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு முதலில் சாராயத்தைத்தான் கலந்து பார்த்தார்கள். ரேடியேட்டருக்குத்தான்! சாராயம் உறையாது, சரி. ஆனால் எஞ்சின் சூடானதும் ஆவியாகிப் பறந்துவிடும். இன்றைக்கு ஊற்றியது நாளைக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. நம்பித் தூங்கினால் காலையில் பிளாக் வெடித்திருக்கும். உப்பு கலந்தால் இரும்பு அரித்தது. கிளிசரின் விலை அதிகம். கடைசியில் கைகொடுத்தது எத்திலின் கிளைகால் என்ற திரவம். பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1850களிலேயே தயாரித்துக் காட்டியது அது. எழுபது வருடம் அதற்கு இந்த வேலை கிடைக்கவில்லை. 1927ல் அமெரிக்காவில் 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனியாக இருந்தால் கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். இரண்டையும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ஒன்றை ஒன்று உறையவிடாமல் தடுக்கிற சேர்க்கை. (இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வீட்டில் பேரக் குழந்தைகளோ நாயோ இருந்தால் கூலண்ட் டப்பாவை உயரத்தில் வையுங்கள்.)

இதுவரை சொன்னது விவசாயி சந்தைக்குப் போக முடிந்ததா இல்லையா என்ற அளவுக் கதை. 1941ல் அது வேறு மாதிரி ஆனது.

அந்த வருடம் ஜூன் மாதம் ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் நுழைந்தது. குளிருக்கு முன் முடித்துவிடுவோம் என்ற நினைப்பு. அக்டோபரில் சேறு, நவம்பரில் பனி, டிசம்பர் தொடக்கத்தில் மாஸ்கோவின் வாசலில் மைனஸ் 30க்கும் கீழே. டாங்கித் தளபதி குடேரியன் தன் நினைவுக் குறிப்புகளில், எஞ்சின்களுக்கு அடியில் தீ மூட்டினால்தான் டாங்கிகள் கிளம்பின என்று எழுதியிருக்கிறார். எரிபொருள் சில சமயம் உறைந்தது, ஆயில் கெட்டியானது, உறைபனித் தடுப்பு திரவம் போதவில்லை. அது பெட்ரோல் டாங்கி என்பதை நினைவில் வையுங்கள். வயிறு முழுக்க பெட்ரோலும் குண்டும் இருக்கிற வண்டிக்கு அடியில் நெருப்பு! தீ மூட்டப் பயந்தவர்கள் ராத்திரி முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டார்கள். ஓடாமலே பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் ரயிலில் வரவேண்டும். ஜெர்மன் ரயில் எஞ்சின்களிலோ தண்ணீர்க் குழாய்கள் பாய்லருக்கு வெளியே ஓடின. அவையும் உறைந்து வெடித்தன. டிசம்பர் 5ஆம் தேதி ரஷ்யர்கள் திருப்பி அடித்தபோது, கிளம்பாத வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஜெர்மானியர்கள் பின்வாங்க வேண்டியிருந்தது.

குளிர் ரஷ்யனுக்கும் அதே குளிர்தான். ஆனால் அவன் அதற்குள் பிறந்தவன். ரஷ்ய டி-34 டாங்கியில் டிரைவருக்கு முன்னால் இரண்டு காற்று சிலிண்டர்கள் இருக்கும். பேட்டரி கைவிட்டால் அழுத்தக் காற்றை எஞ்சினுக்குள் செலுத்திச் சுழற்றிவிடுவான். லாரிக்காரனிடம் ஒரு ஊதுவிளக்கு இருக்கும், நம் ஊரில் பற்றவைக்கிறவர்கள் வைத்திருப்பார்களே அதுபோல. அதை ஆயில் தட்டுக்கு அடியில் காட்டுவான். பிறகு ஜெர்மானியர்களும் கற்றுக்கொண்டார்கள். ஓடிச் சூடான ஒரு டாங்கியின் தண்ணீரைக் குழாய் வழியாக அடுத்த டாங்கிக்கு மாற்றி அதைக் கிளப்ப ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அது வந்தது 1942ல்.

அதே குளிர்காலத்தில் வடக்கே லெனின்கிராட் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தது. நவம்பர் 20 முதல் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அவ்வளவுதான். பெரிய அளவில் உணவு வர ஒரே வழி, உறைந்துகொண்டிருந்த லடோகா ஏரி. நவம்பர் 22ல் முதல் லாரி வரிசை பனிக்கட்டி மேல் இறங்கியது. பெரும்பாலும் ஒன்றரை டன் காஸ்-ஏஏ லாரிகள். இந்த இடத்தில் மாடல் டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த தலைமுறை ஃபோர்டு லாரியின் அச்சுதான் இந்த காஸ்-ஏஏ. 1929ல் ஃபோர்டு கம்பெனியோடு சோவியத் அரசு ஒப்பந்தம் போட்டு, ஆலை கட்டித் தயாரித்தது. அமெரிக்க விவசாயிக்காகப் பிறந்த எளிய எஞ்சின். ஹேண்டில் அடிக்கலாம், தண்ணீரை வடிக்கலாம், வெந்நீர் ஊற்றலாம், சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் ரிப்பேர் செய்யலாம்.

டிரைவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். பனி உடைந்து லாரி மூழ்கினால் குதிக்க வேண்டுமே. மேலே விமானம் குண்டு போடும். நடு ஏரியில் எஞ்சின் நின்றுவிட்டால்? திறந்த ஏரிக் காற்றில் ரேடியேட்டர் உறைய அதிக நேரம் ஆகாது. மறுபடி கிளப்ப முடியாவிட்டால் மாவு மூட்டையும் ஆளும் அங்கேயே. அதனால் எஞ்சினை அணைப்பது என்ற பேச்சே கிடையாது. டிசம்பர் 25ல் ரொட்டி அளவை உயர்த்த முடிந்தது. ஏப்ரல் 24 வரை அந்தப் பனிச் சாலை ஓடியது. மூன்று லட்சத்து அறுபதாயிரம் டன் சரக்கு உள்ளே வந்தது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். யுத்த வரலாறு எழுதுகிறவர்கள் தளபதிகளைப் பற்றி எழுதுகிறார்கள். நான் மெக்கானிக் என்பதால் எனக்கு ஒவ்வொரு முறையும் கரையில் ஊதுவிளக்கோடு குனிந்திருந்த ஆள்தான் கண்ணில் வருகிறான்.

யுத்தம் முடிந்தபின் வந்த நல்ல காரியங்கள் இரண்டு. ஒன்று நம் நண்பரின் ஒயர். வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் கிராமப்புற மின்சாரக் கூட்டுறவு ஒன்றில் வேலை பார்த்தவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மின்சாரத்தில் சூடாகும் போல்ட்டைப் பொருத்தினார். 1949ல் காப்புரிமை கிடைத்தது. கிராமங்களுக்குக் கரண்ட் போன காலம் அது. கரண்ட் விற்கிற ஆளுக்குத்தான் அந்த யோசனை வரும் என்று நினைக்கிறேன். இப்போது போல்ட் இல்லை, பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழியிலேயே சின்ன ஹீட்டர். வீட்டில் வெந்நீர் வைக்கும் கம்பிச் சுருளின் தம்பி. மாப்பிள்ளை செருகுகிறாரே, அது இதுதான். ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுக்குக்கூடக் கரண்ட் இழுக்காது.

இன்னொன்று ஆயில். 1950களில் வந்த மல்டிகிரேட் ஆயில் குளிரில் இளகியும் சூட்டில் கெட்டியாகவும் நடந்துகொள்ளும்படி தயாரிக்கப்பட்டது. உங்கள் ஆயில் டின்னில் 20டபிள்யூ-40 என்று இருக்கிறதல்லவா? அந்த டபிள்யூ எடையைக் குறிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். 'விண்டர்', அதாவது குளிர்காலம். வேலூர் வெயிலில் ஓடுகிற நம் ஸ்கூட்டரின் ஆயிலிலும் எங்கோ பெய்த பனியின் எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி என் மூலை. 1974ல் எனக்கு இருபத்திரண்டு வயது, லடாக்கில் ஒரு யூனிட்டில் வண்டி மெக்கானிக். குளிர்காலத்தில் ஸோஜிலா கணவாய் மூடிக்கொள்ளும். இருப்பில் உள்ளதுதான் உண்டு. டிசம்பரில் ஆன்டி ஃப்ரீஸ் தீர்ந்துபோன நாட்கள் வந்தன. உத்தரவு எளிது: மாலையில் வண்டியை நிறுத்தியதும் தண்ணீரை வடி. மாடல் டி விவசாயி செய்ததேதான்.

வடிக்க இரண்டு குழாய்கள். ஒன்று ரேடியேட்டருக்கு அடியில், இன்னொன்று பிளாக்கின் பக்கவாட்டில். முதல் குழாயைத் திறந்தால் தடதடவென்று கொட்டும். இரண்டாவதில்தான் சங்கடம். துருவும் உப்புப் படிவும் அடியில் தங்கி அதை அடைத்துக்கொள்ளும். திறந்தால் கொஞ்சம் சொட்டும், நின்றுவிடும். இருட்டில், விறைத்த கையோடு நிற்கிறவன் வடிந்துவிட்டது என்று நினைப்பான். ஒரு நிஸ்ஸான் ஒரு டன் வண்டியில் அந்தக் குழாய் அப்படி அடைத்துக்கொள்ளும் என்பது எனக்கு ஆகஸ்ட் மாதமே தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியை விட்டுக் குத்தி வடியவிட்டு வந்தேன். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் கட்வால்காரப் பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவனிடம் கம்பி விஷயத்தை நான் சொல்லியிருக்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் வேறு டியூட்டிக்குப் போய்விட்டேன். அவனே வடித்தான். காலையில் பிளாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

விசாரணை நடந்தது. இரண்டு குழாயும் திறந்தேன் சாப், தண்ணீர் வந்தது, நின்றது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். குழாய் சரியாக இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். சரியாகத்தான் இருந்தது சாப் என்றேன். அவனுக்குத் தண்டனை கிடைத்தது, சம்பளத்திலும் பிடித்தார்கள். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் போல எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

லடாக்கில் டீசல் வண்டிகளின் பாடு தனி. டீசல் டாங்கிக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து உட்கார்ந்திருப்பார்கள். மண்ணெண்ணெய் கலந்து மெழுகை இளக்குவார்கள். அப்படிக் கலந்து ஓட்டுவது பம்புக்கு நல்லதல்ல என்று தெரிந்தேதான் செய்தார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் கம்பெனி லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை வெளியிட்டது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று இரண்டு முறை படித்தேன்.

நண்பருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை வின்னிபெக் போனால், காலையில் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் காரை எடுக்கிறார்களா என்று பாருங்கள். அவசரத்தில் செருகியபடியே கிளம்பி, ஒயரைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே நிறைய உண்டாம்.